பிரிக்பீல்ட்ஸ் கூடைப்பந்துக் களமும் அதன் நடுமேடும்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை கட்டினேன். பங்காளிகள் வழக்குப் போட்டார்கள், கட்டினேன். முதல் கொதிகலன் வெடித்தது, இரண்டாவது வைத்தேன். ஆலைக்குப் பின்னால் புழுங்கல் நெல் காயவைக்க ஏழு களங்கள் போட்டேன். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடித்துப் போட்ட களங்கள். வெள்ளம் வந்து ஆலைச் சுவரையே தள்ளிய வருஷத்தில்கூட அவற்றில் ஒரு கீறல் விழவில்லை. இன்ஜினியர் வைத்துப் போட்ட களமெல்லாம் எங்கள் பக்கத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். எட்டாவதாக நான் போட்ட களத்தில் ஒரு மணி நெல்கூடக் கொட்டியதில்லை. அது கடலுக்கு அந்தப் பக்கம், கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது.

என் தங்கை மகன் தங்கராசு ஒன்பது வருஷமாக மலாயாவில் இருந்தான். தங்கை தினமும் அழுதாள். "நீங்க போனாத்தாண்ணே வருவான், போய் இழுத்துக்கிட்டு வாங்க" என்றாள். எனக்கும் ஆலையில் நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. ஆகவே கப்பலேறினேன். கப்பலில் கொடுத்த சோற்றைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்களுக்கு வயிறு கெடும், விட்டுவிடுகிறேன்.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் எதிரே நிற்கிறான், முப்பத்துநாலு வயது ஆள், முழங்காலுக்கு மேல் கால்சட்டை, கழுத்தில் கயிற்றில் ஒரு ஊதல்.

"வாங்க மாமா. பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?"

"பயணம் இருக்கட்டும். வேட்டி எங்கடா?"

"இது யூனிபாரம் மாமா. நான் டிரில் மாஸ்டர் லா."

அந்த 'லா' என்ன என்று கேட்டேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்றான். பேச்சின் முடிவில் ஒரு வால் வைத்துக்கொண்டு ஒரு ஊரே திரிகிறது.

ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். ஒரு காலத்தில் நகரத்துக்கே செங்கல் சுட்டுக் கொடுத்த இடமாம். இப்போது ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு வரிசை வரிசையாக நிற்கிறது. மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். சோற்றை ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். சயாம் அரிசி, இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்தது, ஒரே தடவை அவித்த ஒற்றைப் புழுக்கல். கடைக்காரரிடம் சொன்னேன். அவர், "ஐயா, இங்க பத்து வருஷமா இதைத்தான் போடறேன், ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். கேட்கத் தெரிந்தவன் வரவில்லை என்றேன்.

அன்று மாலைதான் தங்கராசு விஷயத்தைச் சொன்னான். அவன் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தட்டச்சுக் கல்லூரி. பகலில் ரயில்வேயிலும் ரப்பர் கம்பெனிகளிலும் வேலை செய்கிற வாலிபர்கள் சாயந்திரம் வந்து டைப்பும் சுருக்கெழுத்தும் படிக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆடுகிறான். பத்தடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம், அதில் அடி இல்லாத வலை. அதற்குள் பந்தைப் போடவேண்டும், போட்டதும் அது கீழே விழுந்துவிடும். அப்புறம் எதற்குப் போடுவது என்று கேட்டேன்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இப்படி நாலு சின்னக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பந்தயக் கூட்டணி வைத்திருக்கின்றன. வருஷா வருஷம் ஆட்டம். ஒவ்வொரு கல்லூரிக்கும் சொந்தக் களம் இருக்கவேண்டும் என்பது விதி. போன வருஷம் தங்கராசுவின் களம் மழையில் சேறாகி, இரண்டு ஆட்டங்கள் பாதியில் நின்றன. இந்த வருஷம் சீசனுக்கு முந்திய சனிக்கிழமை கூட்டணிச் செயலாளர் வந்து களத்தைப் பார்ப்பார். தேறவில்லை என்றால் அணி இல்லை. அணி இல்லை என்றால் டிரில் மாஸ்டர் எதற்கு என்று பிரின்சிபால் கேட்டுவிட்டார்.

"அப்ப நல்லதாப் போச்சு. எங்கூட வந்துடு" என்றேன்.

ஊதலைத் திருகினான். "களம் தேறலைன்னா வரேன் மாமா. தேறுச்சுன்னா நான் இங்கதான்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாலு வாரம் இருந்தது. தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு மழை கொட்டுகிற ஊரில் மண் களம் எப்படித் தேறும்?

அடுத்த சில நாட்கள் மற்ற மூன்று கல்லூரிகளின் பயிற்சியைப் பார்க்கப் போனோம். இந்த வருஷம் யார் எப்படி ஆடுவார்கள் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு தங்கராசு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவன் எல்லாரையும் புகழ்ந்து எழுதினான். என் கணிப்பை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நில அளவைக் கல்லூரி. எல்லாரும் பனைமரம். பந்தைப் பிடித்தால் யாரிடம் கொடுப்பது என்று நின்று யோசிக்கிறார்கள். நிலத்தை அளக்கிற புத்தி, அங்குலம் அங்குலமாகத்தான் போகும். பத்தாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கினார்கள். இவர்களுக்கு நாலாவது இடம்.

இரண்டாவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஆட்டம் மோசமில்லை. ஆனால் நடுவர் ஊதல் ஊதினால் ஐந்து பேரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டு பாடம் நடத்துகிறார்கள். நான் பார்த்த ஒரு மணி நேரத்தில் ஆடியது கால் மணி, வாதாடியது முக்கால் மணி. எதிராளி தூங்கிவிட்டால் ஜெயிப்பார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது.

கிள்ளானில் இருக்கும் சீனக் கல்லூரிக்குப் போக ஒரு பஸ் ஏறினோம். ஏழு பேர் ஏறவேண்டிய வண்டி, கொசு பஸ் என்று பெயர். பதினோரு பேரும் ஒரு கூடை வாத்தும் ஏறினோம். பாதி வழியில், ரப்பர் தோட்டத்து ஓரமாக, முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி ஓட்டுகிறவன் இறங்கி வந்து என் பித்தளைச் செம்பையே பார்த்தான். அதில் என் குடிதண்ணீர் இருந்தது. பின்னால் இருந்த ஒரு சீனரும் ஒரு மலாய்க்காரரும் மலாய் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தங்கராசு சிரித்தான். என்னடா என்றேன்.

"கிழவர் தண்ணி குடுத்தா பஸ் போகும், இல்லைன்னா வாத்துதான் நம்மளை இழுத்துட்டுப் போகணும்னு சொல்றாங்க மாமா."

கொடுத்தேன். என் செம்புத் தண்ணீரில்தான் அந்த வண்டி கிள்ளான் போய்ச் சேர்ந்தது. ஒருவனும் நன்றி சொல்லவில்லை.

கிள்ளான்காரர்களைப் பற்றி மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டையான ஆட்கள். பந்து கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒருவன் எங்கே திரும்புவான் என்று மற்றவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய டிரில் மாஸ்டர் ஆ செங் என்பவர், வாயில் சுருட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விரலாலேயே வேலை வாங்குகிறார். இவர்களுக்கு முதல் இடம், எழுதி வைத்துக்கொள்ளலாம். குறை ஒன்றே ஒன்று: அவர்கள் களம் ஆற்றங்கரைக் களிமண். ஆ செங் எங்களுக்குப் பால் இல்லாத கோப்பி வாங்கிக் கொடுத்தார். தார் அதைவிட நன்றாக இருக்கும்.

கடைசியில் நம்முடையவர்கள். மாணிக்கம் என்று ஒருவன், ரயில்வே குமாஸ்தா, ஆறடி இரண்டு அங்குலம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தடவை பந்து கூடையில் விழுந்ததும் நடுவில் வந்து நிற்கவேண்டும், நடுவர் பந்தை மேலே எறிவார், இரு பக்கத்து நெட்டையன்களும் குதித்துத் தட்டவேண்டும். மாணிக்கம் குதிப்பதில்லை. ஏன் என்றால் சட்டையில் இஸ்திரி கலையும் என்கிறான். மற்ற நாலு பேரும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். ஓடும்போதும் உட்கார்ந்தபடியே ஓடுகிறார்கள்.

களத்தைப் பார்த்தேன். பிரின்சிபால் நாலு வண்டிச் செம்மண் கொட்டி, உருளை விட்டு இழுக்கச் சொல்லியிருந்தார். மழை பெய்தது. செம்மண் குழம்பு சாலை வரை ஓடியது. நான் சிரித்தேன்.

பிரின்சிபால் கோட்டுப் போட்ட தமிழர். குடைக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். தங்கராசுவிடம், "உங்க மாமாவை ஆபீஸ்ல உட்கார வை. ஊர்லேருந்து வந்தவங்களுக்கு கிரவுண்டு வேலை எல்லாம் வேடிக்கையாத்தான் இருக்கும்" என்றார்.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் மருமகனோடு அடுத்த கப்பலில் போயிருப்பேன். என் லாபம் அதில்தான் இருந்தது. ஆனால் ஏழு களம் போட்டவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் கை சும்மா இருக்குமா? "செயலாளர் வர்ற சனிக்கிழமைக்குள்ள நான் போட்டுத் தரேன். நீங்க ஆபீஸ்ல உட்காருங்க" என்றேன்.

தங்கராசு தனியாக என்னிடம் கேட்டான். "மாமா, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"அது வேற விஷயம். இது களம்" என்றேன்.

பழைய சூளைகளில் உடைந்த செங்கல் மலையாகக் கிடந்தது. இடித்துத் தூளாக்கினோம். சுண்ணாம்பு பத்துமலைப் பக்கத்துக் காளவாயிலிருந்து வந்தது. நல்ல கல் சுண்ணாம்பு, அதைக் குறை சொல்ல முடியாது. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. வெல்லத்துக்குப் பதில் மலாய்க்காரர்களின் தென்னங்கருப்பட்டி. கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறவைத்த தண்ணீர் தெளித்து, கட்டையால் நாலு நாள் அடிக்கவேண்டும். அடிக்கிற அடியில்தான் களம் இறுகும். வேலைக்கு யாரும் கிடைக்கவில்லை. நம் அணி ஐந்து பேரையும் கட்டையோடு உட்கார வைத்தேன்.

அடித்தார்கள். கொசு அடிப்பதுபோல் அடித்தார்கள். சாலையில் கல் சுமக்கிற பெண்கள் ஆறு பேர் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் அஞ்சலை என்பவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"ஏன் பெரியவரே, இவங்க என்ன பண்றாங்க?"

"களம் அடிக்கிறாங்க."

"அடிக்கிறாங்களா? நான் தடவிக் குடுக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்."

மாணிக்கத்துக்குக் கோபம். "அக்கா, எங்க கை டைப்படிக்கிற கை."

"அதான் ஒவ்வொரு விரலா விழுவுது. தள்ளு லா தம்பி."

ஆறு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைகள், கேட்கவா வேண்டும்? ஒரே தாளத்தில் விழுந்தது. பையன்களுக்கு வெட்கம் வந்து, அவர்களும் அந்தத் தாளத்துக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் மாணிக்கத்தின் சட்டை இஸ்திரி போய்விட்டது. அதற்கப்புறம் அவன் மனுஷனானான். மழைக்கு, அங்கே கூரை வேய்கிற அத்தாப்பு ஓலைத் தட்டிகளைப் போட்டு மூடினோம். மூடியும் திறந்தும், நனைத்தும் உலர்த்தியும், வெள்ளிக்கிழமைக்குள் களம் தயார். கையால் தடவினால் கண்ணாடி.

தங்கராசு பந்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அது மெள்ள உருண்டு ஓரத்துக்குப் போனது. மறுபடி வைத்தான். இந்தப் பக்கம் உருண்டது.

"மாமா, பந்து நிக்க மாட்டேங்குது."

"காத்தா இருக்கும்."

ஒரு இலை அசையவில்லை.

ஒளிக்க மாட்டேன். நெல் காயவைக்கிற களத்துக்கு நடுவில் மேடு வைப்போம், அப்போதுதான் மழைத் தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து ஓடும். நாற்பது வருஷப் பழக்கம். மட்டக்கயிறு பிடிக்கும்போதே கை தானாக நடுவில் ஒரு சாண் தூக்கிவிட்டது. பந்து விளையாடுகிற இடம் என்பது தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஒரு சாண் என்றால் சாதாரணமில்லை. அறுத்துச் சரி செய்ய இரண்டு வாரம் வேண்டும், மறுநாள் சனிக்கிழமை.

தங்கராசு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "டிக்கெட் எடுத்துடுங்க மாமா" என்றான். நான் வந்த காரியம் முடிந்தது, ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சயாம் அரிசி என்பதால் மட்டுமல்ல.

சனிக்கிழமை செயலாளர் கந்தையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க குமாஸ்தா, கக்கத்தில் குடை, கையில் விதிப் புத்தகம். களத்தைச் சோதிக்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டவேண்டும் என்பதால் கிள்ளான் அணியையும் வரவழைத்திருந்தார். மூன்றரை மணிக்கு நீளம், அகலம் அளந்தார். பிறகு நடுவில் நின்று கீழே பார்த்தார்.

"இதென்ன ஐயா, பந்தடிக்கிற இடமோ, நெல்லுக் காயப்போடுற இடமோ?"

நான் வாய் திறக்குமுன் மழை வந்துவிட்டது. எல்லாரும் தாழ்வாரத்துக்கு ஓடினோம். அரை மணி நேரம் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. ஆ செங் சுருட்டைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று மலாயில் சொன்னார். மழை விட்டது. நான் களத்தைக் காட்டினேன். நாலு ஓரத்திலும் தண்ணீர் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் இல்லை. கால் மணியில் வெறும் காலால் நடந்தால் ஈரம் ஒட்டவில்லை. கந்தையா குனிந்து விரலால் தொட்டார். மறுபடி தொட்டார்.

"உங்க புத்தகத்துல களம் எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கு? வாசியுங்க" என்றேன்.

வாசித்தார். இறுகியிருக்கவேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு.

"மட்டமா இருக்கணும்னு இருக்கா?"

முன்னும் பின்னும் புரட்டினார். "அப்பிடி ஒண்டும் இல்லைத்தான்" என்றார். "எழுதினவனுக்கு இப்பிடி ஒரு மனுசன் வருவான் எண்டு தெரிஞ்சிருக்காது."

ஆட்டம் நடந்தது. கிள்ளான்காரர்களின் கையில் ஒட்டியிருந்த பந்து அன்றைக்கு ஒட்டவில்லை. விட்ட இடத்தை விட்டு நழுவி ஓரத்துக்குப் போனது. நம்மவர்களுக்கு ஒட்டினால்தானே நழுவ? ஆகவே அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாணிக்கம் நடு மேட்டில் நின்று குதித்தான், நிஜமாகவே குதித்தான். வேலிக்கு வெளியே அஞ்சலை, "டைப்படிக்கிற தம்பி, நல்லாத் தட்டு!" என்று கத்தினாள். ஆனாலும் தோற்றோம், இரண்டே புள்ளியில். போன வருஷம் இதே கிள்ளானிடம் முப்பதில் தோற்றார்களாம்.

ஆ செங் என்னிடம் வந்து களத்தைக் காட்டி நீளமாகப் பேசினார். தங்கராசு சொன்னான்: "எங்க ஆளுங்க ஒரு பக்கம் சாஞ்சே ஆடினாங்க, சாயங்காலம் கழுத்து வலிக்கும்னு சொல்றார். ஆனா இங்க மழைக்காக ஆட்டம் நிக்காதாம். கிள்ளானுக்கு வந்து ஒண்ணு போட்டுத் தருவீங்களான்னு கேட்கிறார். மேடு இல்லாம."

கந்தையா புத்தகத்தில் களம் தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபால் அவர் கையைக் குலுக்கினார், தங்கராசுவின் கையைக் குலுக்கினார், ஆ செங்கின் கையையும் குலுக்கினார். நான் வேட்டியில் சுண்ணாம்போடு நின்றேன்.

தங்கராசு என்னைத் துறைமுகம் வரை வந்து வழியனுப்பினான். "அம்மாகிட்ட என்ன மாமா சொல்வீங்க?" என்று கேட்டான். கூட்டிவரப் போனவன், அவன் அங்கேயே இருப்பதற்குத் தரை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தங்கை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆலையில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. என் களத்துக்கு நான் கொடுத்த விலை இவ்வளவு.

இப்போது கூட்டணியின் சீசன் புத்தகம் இங்கிலீஷில் தபாலில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வாத்தியாரை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸ் களத்தைப் பற்றி இரண்டு வரி. மழையிலும் ஆடத்தக்க இந்தச் சிறந்த களம் பிரின்சிபாலின் அயராத முயற்சியால் அமைந்தது என்பது முதல் வரி. நடுவில் காணப்படும் மேடு இந்தியாவிலிருந்து வந்த ஒரு வேலையாளின் கவனக்குறைவால் நேர்ந்தது என்பது இரண்டாவது வரி.

அந்த வேலையாளுக்குப் பெயர் உண்டு. மேடு இல்லாமல் அந்தத் தண்ணீர் எப்படி ஓடும் என்று பிரின்சிபால் கோட்டுக்குள் கையை விட்டு யோசித்துப் பார்க்கட்டும். புகழுக்கு ஒரு ஆள், பழிக்கு வேறு ஆள் என்று ஒரே மேட்டை இரண்டாக அறுக்க முடியாது. கந்தையா அவர்களுக்கு இதன் மூலம் தெரிவிப்பது: அடுத்த புத்தகத்தில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு என் பெயரைப் போடவேண்டும். திருத்துறைப்பூண்டி அரிசி ஆலை ச. வைத்தியலிங்கம் போட்ட களம். அடித்தவர்கள் அஞ்சலையும் அவள் கூட்டமும், குமாஸ்தாக்கள் ஐவரும். களத்தின் ஓரத்தில் ஒரு கல் நட்டு அதையே வெட்டவேண்டும். அங்கே தண்ணீர் நிற்காததற்கு நான் காரணம். பந்து நிற்காததற்கும் நான்தான் காரணம். இரண்டையும் என் பெயரில் எழுதுங்கள்.